தெரிந்த வீட்டுக்கு வழி கேட்பவர்கள்

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். டெல்லிக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டாலும் பேச்சைவிட்டுத் திருநெல்வேலி இன்னும் போகவில்லை. ஒரு விண்ணப்பத்தை நிரப்பினால் அடித்தல் திருத்தல் இருக்காது. ரயில் டிக்கெட்டை மூன்று முறை சரிபார்த்த பிறகே பையில் வைப்பார். அப்படிப்பட்டவர் 2024 மே மாதம் ஏமாந்துபோனார்.

அவரும் அவர் மனைவியும் கேதார்நாத் போக வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தார்கள். கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்குச் சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை. இருவருடைய முழங்காலும் அதற்கு ஒத்துவராது. ஹெலிகாப்டரில் போய்விடலாம், டிக்கெட்டை இன்டர்நெட்டிலேயே எடுத்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் போனை எடுத்தார். 'கேதார்நாத் ஹெலிகாப்டர் புக்கிங்' என்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் டைப் செய்தார். வந்த பட்டியலில் முதலில் இருந்ததைத் தொட்டார்.

கோயில் படம் இருந்தது. ஹெலிகாப்டர் படம் இருந்தது. அரசு இணையதளங்களில் இருப்பது போலவே தலைப்பில் மூவர்ணப் பட்டை இருந்தது. சிறிது நேரத்தில் ஒருவர் வாட்ஸ்ஆப்பில் வந்து மிக மரியாதையாகப் பேசினார். பணம் போயிற்று, டிக்கெட்டும் வந்தது. ஃபாட்டா ஹெலிபேடின் கவுன்டரில் இருந்த இளைஞர் அந்தக் காகிதத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்படியொரு முன்பதிவே இல்லை என்றார். அம்மா மலை இருந்த திசை நோக்கி ஒரு கும்பிடு போட்டிருக்கிறார். இருவரும் திரும்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. பிறகு ஒரு மாலை மாடிப்படியில் என்னை நிறுத்தினார் பெரியவர்.

"தம்பி, ஒண்ணு மட்டும் கேக்கேன். நான் பேரைச் சரியாத்தானே அடிச்சேன்?"

சரியாகத்தான் அடித்திருந்தார். அதனால்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போக வேண்டிய இடத்தின் பெயர் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் நேரே அந்த இடத்துக்குப் போகவில்லை. இடையில் ஒருவரிடம் வழி கேட்டார். வழி சொன்னவர் வேறு வாசலைக் காட்டினார்.

அன்றிரவு என் கம்ப்யூட்டரைத் திறந்து, கடந்த சில வாரங்களில் நான் எதையெல்லாம் தேடியிருக்கிறேன் என்று பார்த்தேன். புதிதாக ஏதோ ஒன்றை அறிந்துகொள்ளத் தேடியவை இருந்தன. அவற்றுக்கு ஈடாக இன்னொரு வகையும் இருந்தது. என் வங்கியின் பெயர், ரயில் டிக்கெட் தளத்தின் பெயர், தினமும் படிக்கிற பத்திரிகையின் பெயர் எல்லாம் திரும்பத் திரும்ப வந்தன. மொழிபெயர்ப்பு வேலைக்காக நான் நாள்தோறும் புரட்டுவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் பல ஆண்டுகளாக அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட நான் அதன் முகவரியை டைப் செய்ததில்லை. 'தமிழ் லெக்சிகன்' என்று கூகுளிடம் சொல்லி, அது காட்டிய வாசல் வழியாகவே ஒவ்வொரு முறையும் நுழைந்திருக்கிறேன். பத்து வருஷமாகப் போய்வருகிற நண்பர் வீட்டுக்குத் தெருமுனைப் பெட்டிக்கடையில் தினமும் வழி கேட்பவனை ஊர் என்ன சொல்லும்? ஆனால் இணையத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

இதை ஆராய்ச்சியாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்துவிட்டார்கள். ஆண்ட்ரே ப்ரோடர் என்ற கணினி விஞ்ஞானி 2002இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்நாளில் பெயர்பெற்றிருந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் மக்கள் என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று பார்த்து மூன்றாக வகைப்படுத்தினார். ஒரு செய்தியை அறியத் தேடுவது முதல் வகை. வாங்குவது, பதிவிறக்குவது போல ஏதோ ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது இன்னொரு வகை. மனதில் ஏற்கெனவே இருக்கிற ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போய்ச் சேரத் தேடுவது மற்றொன்று. அன்றைக்கே ஐந்தில் ஒரு தேடல் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்று அவர் கணக்கிட்டார்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. 2010 பிப்ரவரியில் ரீட்ரைட்வெப் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம் ஃபேஸ்புக் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. 'ஃபேஸ்புக் லாகின்' என்று கூகுளில் தேடியவர்களுக்கு எப்படியோ அந்தக் கட்டுரை முதலில் வந்து நின்றது. வந்தவர்கள் அதையே ஃபேஸ்புக் என்று நம்பினார்கள். இதென்ன புதுத் தோற்றம், பழையபடி மாற்றுங்கள், நான் என் கணக்குக்குள் போக வேண்டும் என்று நூற்றுக்கணக்கானோர் கட்டுரைக்கடியில் சண்டை பிடித்தார்கள். கடைசியில் 'இது ஃபேஸ்புக் அல்ல' என்று கொட்டை எழுத்தில் அந்தத் தளம் அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. உலகம் அன்று விழுந்து விழுந்து சிரித்தது.

சிரித்தவர்களுக்கு இரண்டாவது உதாரணம். 2021 செப்டம்பரில் லக்ஸம்பர்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் கூகுள் நிறுவனம் தன் மீதான அபராதத்தை எதிர்த்து வாதாடியது. மக்கள் கட்டாயத்தினால் அல்ல, விருப்பத்தினால்தான் எங்களிடம் வருகிறார்கள் என்று காட்ட அதன் வழக்கறிஞர் ஒரு சான்றை முன்வைத்தார். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் மக்கள் மிக அதிகமாகத் தேடும் சொல் எது தெரியுமா? கூகுள். ஒரு வழிகாட்டியிடம் போய் இன்னொரு வழிகாட்டியின் வீட்டுக்கு வழி கேட்கிறார்கள்! எதிர்வீட்டுப் பெரியவரும் நானும் இந்தப் பெருங்கூட்டத்தில் இரண்டு பேர், அவ்வளவுதான்.

முகவரியை நேரே டைப் செய்வதற்கும் பெயரைச் சொல்லித் தேடுவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? இரண்டிலும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதானே என்று தோன்றும். பாதை வேறு. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் உண்மையில் எண்களால் ஆன முகவரி ஒன்று உண்டு. அந்த எண்களை மனிதர்கள் நினைவில் வைக்க முடியாது என்பதால், பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் உருவாக்கினார். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு டெலிபோன் டைரக்டரி என்று வைத்துக்கொள்ளலாம். முழு முகவரியைப் பிழையில்லாமல் டைப் செய்தால் இந்த டைரக்டரி அதற்குரிய எண்ணைத் தருகிறது. நேரே போய்விடுகிறோம். இடையில் யாரும் கடை விரிப்பதில்லை.

பெயரை மட்டும் டைப் செய்தால் அது டைரக்டரிக்குப் போகாது, தேடுபொறி நிறுவனத்துக்குப் போகும். அங்கே கண் இமைக்கும் நேரத்துக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. இந்தச் சொல்லைத் தேடுபவரின் கண்ணில் முதலில் பட யார் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள் என்பதே ஏலத்தின் பொருள். தொகை மட்டுமன்றி விளம்பரத்தின் தரம், பொருத்தம் போன்றவையும் கணக்கில் வரும். ஏலத்தில் வென்றவரின் விளம்பரம் மேலே நிற்கும். நாம் தேடிய உண்மையான தளம் அதற்குக் கீழே காத்திருக்கும்.

ஒரு காலத்தில் உலாவியின் தலைப்பில் இரண்டு பெட்டிகள் இருந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். ஒன்று முகவரிக்கு, இன்னொன்று தேடலுக்கு. 2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் உலாவி வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை முன்னின்று வளர்த்த உலாவி அது. மற்றவையும் அதே வழியில் போயின. வசதி என்னவோ பெரிய வசதிதான். ஆனால் முகவரி சொல்வதும் வழி கேட்பதும் இரு வேறு காரியங்கள் என்ற உணர்வே அதோடு மங்கிப்போனது. குரோமுக்குப் பிறகு இணையத்துக்குள் வந்தவர்களுக்கு அப்படியொரு வித்தியாசம் இருப்பதாகச் சொன்னாலே புரிவதில்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. முகவரிகள் நினைவில் நிற்கும்படியாகவா இருக்கின்றன? ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நான் ஒருமுறை போனில் ஓர் இணைய முகவரி சொன்னேன். மூன்று டபிள்யூ சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு டாட். டாட் என்றால் எழுத்தில் எழுதுவதா, புள்ளி வைப்பதா என்றார். சொற்களுக்கிடையே இடம் விடக் கூடாது என்றேன். கடைசியில் 'காம்'ஆ, 'கோ இன்'ஆ, 'கவ் இன்'ஆ, 'ஆர்க்'ஆ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா சாந்தமாகச் சொன்னார்: "பேரை மட்டும் சொல்லுடா, நான் கேட்டுப் போய்க்கிறேன்."

முகவரிகள் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதும் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் தளம் 2021 ஜூனில் புது முகவரிக்கு மாறியது. கேதார்நாத் ஹெலிகாப்டர் முன்பதிவு முன்பு உத்தராகண்ட் மாநில அரசுத் தளம் ஒன்றில் நடந்துவந்தது. 2023இலிருந்து அந்தப் பொறுப்பு ஐஆர்சிடிசியிடம் வந்தது, முகவரியும் மாறியது. அதற்கு முன்பு போய்வந்த ஒருவர் பழைய முகவரியைப் பெரியவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் 2024இல் அது பயன்பட்டிருக்காது.

டைப் செய்வதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. புகழ்பெற்ற தளங்களின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிவுசெய்து, விரல் தவறி வருபவர்களுக்காகக் காத்திருக்கும் ஆட்கள் உண்டு. நாம் எழுத்துப் பிழை செய்தால் தேடுபொறியாவது திருத்திச் சரியான இடத்தைக் காட்டும். வழி கேட்பது பல சமயம் புத்திசாலித்தனமும்கூட. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். சிக்கல், வழி சொல்பவர் யாரிடம் கூலி வாங்குகிறார் என்பதில் இருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் இருக்காது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள்தான். மலைபடுகடாத்துக்கும் கூத்தராற்றுப்படை என்று ஒரு பெயர் உண்டு. ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனைச் சந்திக்கிறான். இன்ன வழியே போ, இன்ன ஊர் வரும், இன்ன மனிதர்கள் உனக்குச் சோறு போடுவார்கள், இறுதியில் இன்னாரைக் காண்பாய் என்று ஆற்றுப்படுத்துகிறான். வழி சொல்லும் அந்தக் கலைஞன் பரிசில் பெற்றவன் என்பதைக் கவனியுங்கள். இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் ஒருவகை விளம்பரமே. ஆனால் அவன் அதை மறைப்பதில்லை. நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், அவரிடம் போனேன், இவ்வளவு பெற்றேன் என்று விரிவாகச் சொல்லிவிட்டுத்தான் வழி காட்டுகிறான். கேட்பவன் அதை எடைபோட்டுப் பார்த்து நடக்கலாம். அவன் காட்டும் வாசலில் அந்த வள்ளலே இருக்கிறான் என்பதும் முக்கியம்.

தேடுபொறி தான் கூலி பெற்றதை எப்படிச் சொல்கிறது? கூகுளின் பட்டியலில் விளம்பரங்களுக்குத் தனி வண்ணப் பின்னணி இருந்த காலம் உண்டு. 2013இல் அது போய் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு பட்டயம் வந்தது. 2016இல் அது பச்சையாயிற்று. 2020இல் கணினித் திரையில் வண்ணமும் போய் வெறும் கறுப்பு எழுத்தானது. 2022இலிருந்து 'ஸ்பான்சர்டு' என்ற ஆங்கிலச் சொல் நிற்கிறது. அந்தச் சொல் பெரியவரின் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். பட்டதாம். "அரசாங்கம் ஸ்பான்சர் பண்றதுன்னு நெனைச்சேன் தம்பி" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய அரசின் திட்டங்களுக்குக் குறிப்பெழுதியவர் அந்தச் சொல்லை வேறெப்படிப் புரிந்துகொள்வார்?

இந்த ஏற்பாட்டில் பாதிக்கப்படுவது ஏமாறுகிறவர்கள் மட்டுமல்ல. உங்கள் கடையின் பெயரைச் சொல்லித் தேடுகிற வாடிக்கையாளரின் கண்ணில் முதலில் பட உங்கள் போட்டியாளர் ஏலம் கேட்கலாம். அவரைத் தடுக்க நீங்களும் உங்கள் சொந்தப் பெயருக்கே ஏலம் கேட்க வேண்டும். தன் வீட்டு வாசலுக்குத் தானே வாடகை கட்டுவது போன்றது இது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனத்தின் வர்த்தகப் பெயர் தொடர்பாக இந்தப் பிரச்சினை டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2023 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பிறர் பெயரைத் தேடல் சொல்லாக வைத்து விளம்பரம் செய்வது மட்டுமே குற்றமாகிவிடாது என்றது நீதிமன்றம். ஆனால் அது வர்த்தகச் சின்னத்தைப் பயன்படுத்துவதே என்றும், இந்த விளம்பர வியாபாரத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, செயல்படும் பங்காளி என்றும் சொன்னது. மக்கள் குழம்பும்படி சின்னத்தை மீறும் விளம்பரத்துக்கு, நான் இடைத்தரகன்தானே என்று சட்டப் பாதுகாப்பின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தெருமுனையில் நிற்கும் இடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை வேறு இரண்டு எண்கள் சொல்லும். போன்களிலும் உலாவிகளிலும் தானே இயல்பான தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலவிட்டது என்பது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. தேடல் துறையில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இங்கே இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு போன்கள் தொடர்பாகச் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நாம் வழி கேட்கும் மனிதரை நாமே தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறோம். போனை வாங்கும்போதே அவர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்.

பெரியவர் ஏமாந்து ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில், மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர், யாத்திரை விடுதிகள், சுற்றுலா வாகனங்கள் ஆகியவற்றின் பெயரில் போலித் தளங்களும் பணம் கொடுத்துப் போட்ட விளம்பரங்களும் உலவுகின்றன, 'ஸ்பான்சர்டு' என்றிருக்கும் லிங்குகளைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள் என்றது அது. ஹெலிகாப்டருக்கான சரியான முகவரியையும் வெளியிட்டது. அந்தத் தாளைப் பெரியவரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். "அப்ப நான் மட்டும் இல்ல" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவர் செய்த ஒரே தவறு என்று நான் நினைப்பது வேறு. மூன்று வாரம் வாய்திறக்காமல் இருந்தாரே, அதுதான். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிக் கணக்கில் முடக்கிவைக்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும். படித்தவன், விவரம் தெரிந்தவன், நான் போய் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் தடுத்துவிட்டது. இந்த வெட்கத்தை நம்பித்தான் பாதி மோசடி நடக்கிறது. ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் அடுத்து ஏமாறுகிறவரின் வாயை அடைக்கிறது.

தளங்களைப் போலவே தொலைபேசி எண்களும் இந்த வழியில் திசைமாறுகின்றன. வங்கியின் பெயரைப் போட்டு அதன் உதவி எண்ணைத் தேடுபவர்கள் ஏராளம். கூகுள் வரைபடத்தில் ஓர் இடத்தின் விவரங்களைப் பொதுமக்களும் திருத்தலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி, வங்கிக் கிளைகளின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணைப் பதித்தவர்களைப் பற்றி 2018இலேயே மகாராஷ்டிர சைபர் போலீசுக்குப் புகார்கள் வந்தன. எண்ணைத் தேடாதீர்கள், உங்கள் கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ பாருங்கள் என்று வங்கிகள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு முழுவதையும் தேடுகிறவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. முகவரி கொடுப்பவர்களுக்கும் கடமை உண்டு. பார்த்தவுடன் நம்பக்கூடிய முகவரி வேண்டும். 'கவ் டாட் இன்' என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். கண்டவர் பதிவுசெய்ய முடியாது. வங்கிகளுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. எல்லா வங்கித் தளங்களும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று கெடு விதித்தது. இந்த முகவரியைப் பதிவுசெய்து கொடுக்கும் அதிகாரம் ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற அமைப்புக்கு மட்டுமே. வங்கி அல்லாத எவரும் அந்த வாலை ஒட்டிக்கொள்ள முடியாது. பெயரின் தலையைப் பார்த்து நம்பாதே, வாலைப் பார் என்று பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே வரியில் சொல்லிக்கொடுக்கலாம். இது நல்ல ஏற்பாடு.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழில் முடியும் முகவரிகள் முறைப்படி இணையத்தில் உள்ளன. ஆனால் நாம் அன்றாடம் போய்வரும் வங்கியோ ரயில்வேயோ மின்வாரியமோ அப்படியொரு பலகையை வாசலில் மாட்டி மக்களுக்குப் பழக்கியதாகத் தெரியவில்லை. காதால் கேட்டு, வாயால் சொல்லி, தாய்மொழியில் எழுதக்கூடிய முகவரி இருந்தால் என் அம்மா வழி கேட்டிருக்க மாட்டார்.

இதற்குள் தெருமுனையும் மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு கேட்டால் பத்து வாசல்களின் பட்டியலாவது வந்தது. நாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒரே பதில் மேலே வருகிறது. கூகுளில் அந்த வசதி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அரட்டைச் செயலிகளிடமே நேராக வழி கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். பதில் தெளிவாக, தன்னம்பிக்கையோடு இருக்கிறது. அதில் உள்ள எண்ணோ முகவரியோ எங்கிருந்து பொறுக்கப்பட்டது என்று திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கேட்கும் பழக்கம் அதேதான், கேள்வி கேட்காமல் நம்பும் பழக்கம்தான் கூடியிருக்கிறது.

மாடிப்படியில் பேசிய அந்த வாரமே பெரியவருக்கு ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் ஐந்து முகவரிகள் எழுதிக் கொடுத்தேன். வங்கி, ரயில், வருமான வரி, ஆதார், ஹெலிகாப்டர். பணமும் அடையாளமும் கொடுக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் வழி கேட்க வேண்டாம், மற்றதற்கெல்லாம் தாராளமாகக் கேளுங்கள் என்றேன். அவர் அதைப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவைத்தார். போனிலும் அவற்றை ஒரு முறை சரியாக டைப் செய்து, குறித்துவைக்கும் வசதியில் சேர்த்துக் கொடுத்தேன். பெரிய சேவை செய்துவிட்ட திருப்தி எனக்கு.

2025 அக்டோபரில் ஒரு காலை அவர் எங்கள் அழைப்புமணியை அடித்தார். கையில் போன்.

"தம்பி, நீங்க எழுதித் தந்த பேங்க் அட்ரஸ் மாறிப்போச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. இது பேங்க் அனுப்பினதா, அவன் அனுப்பினதா?"

ரிசர்வ் வங்கியின் கெடுவைப் பற்றிப் படித்திருந்தேன். புது முகவரியின் வாலும் சரியாகவே இருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது "பேங்க்தான்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு இருவரும் கிளைக்கு நடந்தோம். பத்து நிமிட நடை. கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். முகவரி மாறியது உண்மைதான். பெரியவர் பையிலிருந்து டைரியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினார். பிறகு உள்ளே போய் மேஜையில் இருந்த பெண்ணிடம் டைரியை நீட்டி, "சரியா இருக்கா பாரும்மா" என்றார். அந்தப் பெண் பார்த்துத் தலையசைத்தார்.

வீடு திரும்பியதும் பீரோவில் இருந்த முதல் வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். அந்தக் காகிதத்தில் அதுதான் முதல் அடித்தல். ஐந்தாவது வரியைத் தொடவில்லை. அடுத்த முறை புறப்படும் முன் அதையும் யாரிடமாவது நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "எந்த மாசம்னு மொதல்ல சொல்லுங்க" என்றார்.